புதன்கிழமைப் பிழை

ஒரு கருவியையோ அதை இயக்கும் கணினியையோ மாற்றும்போது, பழையதையும் புதியதையும் குறைந்தது ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட வேண்டும். இரண்டின் முடிவுகளும் ஒத்துப்போகின்றன என்று உறுதியான பிறகே பழையதை அகற்ற வேண்டும். இது நான் இயற்றிய விதி அல்ல. சிதம்பரத்தில் நானும் என் மனைவியும் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் ஆய்வகத்தின் சொந்த விதி. காத்திருப்போர் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே மாட்டியிருந்தார்கள். தாகம் எடுத்த நோயாளிகள் எல்லோரும் அதைப் படித்திருப்பார்கள். படிக்காதவர்கள் உள்ளே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் அரசுத் துறை ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மேஜை விசிறி ஒன்று வாங்கினால்கூட அதை ஓடவிட்டுப் பார்த்து, பார்த்தவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பட்டுவாடா. இதற்காக என்னைத் திட்டாத ஒப்பந்ததாரர் இந்த மாவட்டத்தில் கிடையாது. ஆகையால் விதியை மதிப்பவர்களை எனக்குத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அந்த ஆய்வகத்தில் அப்படி ஒரே ஒருவர் இருந்தார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கு இன்னொரு வேலையும் போகும்.

நாற்பதைக் கடந்த அம்மாள். கடலூர் முதுநகர்க்காரர். சிதம்பரத்தில் கணினி படித்தவர். சில காலம் வெளியூரில் பெரிய நிறுவனத்தில் இருந்துவிட்டு, யாரோடு சண்டை போட்டாரோ, ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். அந்த ஆய்வகத்துக்குக் கடலூரில் தலைமையகமும் சிதம்பரத்தில் கிளையும் உண்டு; இரண்டு இடத்துக்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த வேலை அவருக்கு. காலை ரயிலில் வருவார். தோள்பையில் சொந்தக் கீபோர்டு ஒன்று எப்போதும் இருக்கும். அடுத்தவர் கீபோர்டைத் தொட மாட்டார். "அதுல என்னென்ன கெடக்கோ" என்பார், அதன் சொந்தக்காரர் காதுபடவே.

அவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் பிடிக்காமல் போகும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

அவரது குணத்தை ஒரே வரியில் சொல்லலாம். "சரியாயிடுச்சு" என்ற சொல்லை அவர் முன்னால் யாரும் உச்சரிக்க முடியாது. எது கெட்டுப்போனாலும், அதை மறுபடி கெட வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. "தானா வந்த பழுது தானா போச்சின்னா, அது போவல. உள்ள ஒக்காந்திருக்குது" என்பார்.

முதுநகரில் அவர்கள் பங்குக் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக் கிறீச்சிட்டிருக்கிறது. ஒலிபெருக்கிக்காரர் வந்து திருகிவிட்டுப் போனார். கிறீச்சிடவில்லை. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். இந்த அம்மாள் மறுநாள் காலையில் போய்ப் பங்குத்தந்தையைப் பிடித்துக்கொண்டார். நேற்றைய பிரசங்கத்தை அதே இடத்தில் நின்று, அதே குரலில், அதே மாதிரி கையை ஆட்டிச் சொல்ல வேண்டும் என்றார். இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அவருடைய கணவர். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை.

"ஃபாதரும் பாவம், காலிக் கோயில்ல நின்னுக்கிட்டு 'அன்பானவர்களே'ன்னு ஆரம்பிச்சாரு சார். இவ கீழ ஒக்காந்துக்கிட்டு, 'இல்ல ஃபாதர், நேத்து இந்த எடத்துல கோவமா சொன்னீங்க'ங்கறா. பாதிப் பிரசங்கத்துல கிறீச்சுனு சத்தம். கைய நல்லா நீட்டனா அங்கிக்குள்ள இருக்கற ஒயர் இழுபடுதாம். அதுலேர்ந்து அந்த மனுஷன் கையக் கட்டிக்கிட்டுத்தான் பிரசங்கம் பண்றாரு."

அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். "பொண்ணு பாக்கப் போனப்ப எனக்கு சம்மதம்னேன் சார். 'எதுக்கு சம்மதம்?'னு கேட்டா. இன்னிக்கி வரைக்கும் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அம்மாள் பக்கத்தில்தான் இருந்தார். சிரிக்கவில்லை. "இன்னும் சரியா சொல்லல" என்றார்.

என் மனைவிக்கு இதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருக்கிறது. ரத்தம் கட்டிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. மாத்திரையின் அளவு சரியா என்று பார்க்க, மாதம் ஒரு முறை ரத்தம் கொடுக்க வேண்டும். முடிவு ஓர் எண்ணாக வரும். அது குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும். கூடினால் உடம்பில் எங்கு வேண்டுமானாலும் கசியும். எண் குறைந்தால் மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவார், கூடினால் குறைப்பார். அவருக்கு வேறு வழி இல்லை. அந்த எண்ணை நம்பித்தான் அவர் வைத்தியம் பார்க்கிறார்.

ஒரு புதன்கிழமை எண் மிகவும் குறைவாக வந்தது. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த வாரமே மனைவி பல் துலக்கும்போது வாயெல்லாம் ரத்தம். முன்கையில் யாரோ பிடித்து முறுக்கியதுபோல நீலம். புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அங்கே எடுத்த ரத்தத்தில் எண் எங்கேயோ உச்சத்தில் இருந்தது. "யார் மாத்திரையைக் கூட்டச் சொன்னது?" என்று அங்கிருந்த மருத்துவர் என்னைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார். மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

திரும்பி வந்த அன்றே ஆய்வகத்துக்குப் போனேன். கிளையின் நிர்வாகி நல்ல சட்டை போட்டவர். எனக்கு நாற்காலி கொடுத்தார், காபி சொன்னார். காபி கொடுத்தே மனுவை அமுக்கும் ஆட்களை நான் முப்பது வருஷமாகப் பார்த்தவன்.

"சார், அன்னிக்கி சிஸ்டம் கொஞ்சம் ப்ராப்ளம். ரீஸ்டார்ட் பண்ணிட்டோம். இப்ப சரியாயிடுச்சு" என்றார்.

"எது சரியாச்சு?"

கேட்டது நானில்லை. நிர்வாகிக்குப் பின்னால் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ செருகிக்கொண்டிருந்த அம்மாள் தலையை நீட்டினார்.

"மேடம், நீங்க ஒங்க வேலயப் பாருங்க."

"அதத்தான் பாக்கறேன். எது தப்பாச்சுன்னே தெரியல. எது சரியாச்சுன்னு கேக்கறேன்."

என் பக்கம் திரும்பினார். ஆறுதல் ஒரு வார்த்தை இல்லை. "அம்மாவுக்கு முன்னாடி யாரு ரத்தம் குடுத்தாங்க?"

எனக்கு நினைவிருந்தது. பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுபவர். அவருக்கும் வால்வுதான். வரிசையில் அவரும் என் மனைவியும் யார் யார் என்னென்ன கீரை சாப்பிடக் கூடாது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாள் கணினியில் அந்த நாளைத் திறந்தார். அந்தப் படகுக்காரருக்கும் என் மனைவிக்கும் ஒரே எண். புள்ளிக்குப் பின்னால் உள்ளதுகூட ஒன்றே.

"ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் வரக் கூடாதா?" என்றார் நிர்வாகி.

"வரலாம்" என்று அம்மாள் திரையை மேலும் கீழும் உருட்டினார். "அடுத்தடுத்து இருக்கறவங்களுக்கே வருது. கொஞ்ச மாசமா ஜாஸ்தி வருது."

கொஞ்ச மாசம் என்பது அந்தப் புதுக் கணினிகள் வந்த காலம். இதை நான் சற்று விளக்க வேண்டும்.

ரத்தத்தை அளக்கும் கருவி வெளிநாட்டுத் தயாரிப்பு, பழையது. அது ஒரே ஒரு மென்பொருளோடு மட்டுமே பேசும். அந்த மென்பொருளை எழுதிய நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. எழுதிய மூலம் யாரிடமும் இல்லை. கணினி ஓட்டக்கூடிய கோப்பு மட்டும்தான் மிச்சம். சமைத்த சாம்பார் இருக்கிறது, சமைத்தவரும் இல்லை, பக்குவம் சொல்லவும் ஆளில்லை. பழைய கணினிகள் செத்துப்போனதும் ஆய்வகத்தார் மெல்லிசாக, சத்தமில்லாத புதுக் கணினிகளை வாங்கினார்கள். அவற்றின் புராசஸர் வேறு இனம். செல்போனில் இருப்பதன் உறவு என்று அம்மாள் சொன்னார். பழைய மென்பொருளின் கட்டளைகள் அதற்கு நேரடியாகப் புரியாது. நடுவில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் ஓர் ஏற்பாடு கணினிக்குள்ளேயே இருக்கிறது. கொள்முதல் செய்தவர்கள், ஓடுகிறதா என்று பார்த்தார்கள். ஓடியது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு மாதம் ஆகும். தண்ணீர்க் குழாய்க்கு மேலே எழுதியிருந்தது அதுதான்.

கணினிகளை விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வரவழைக்கப்பட்டார். வந்தார், மாதிரிகளைப் போட்டுப் பார்த்தார், எல்லாம் சரியாக வந்தன. "பழுது ஏதும் இல்லை" என்று சான்று கொடுத்துவிட்டு நடராஜர் கோயிலையும் பார்த்துவிட்டுப் போனார். நிர்வாகி அந்தச் சான்றின் நகலை எனக்கே அனுப்பி வைத்தார், மரியாதையாக.

அதற்கு இரண்டு நாள் கழித்து அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்க அல்ல. என் மனைவியை உட்காரவைத்து அந்தப் புதன்கிழமைக் காலையை முதலிலிருந்து மறுபடி நடத்தினார்.

"வாசல்ல எறங்கனது எப்ப? டோக்கன் குடுத்தது யாரு? ஒக்காந்தீங்களா, நின்னீங்களா?"

"நீ போலீஸாம்மா?" என்றாள் மனைவி. "எங்க ஒக்கார்றது? நிக்கவே எடமில்ல. தேர்க்கூட்டம். ஊசி போடற பொண்ணு நிமிந்தே பாக்கல."

"எஞ்சினியர் வந்தன்னிக்கி அவ்ளோ கூட்டம் இல்லையே. நான்கூட இருந்தேன்."

"என்னிக்கி வந்தாரு?"

"செவ்வாக்கெழம."

மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க, செவ்வாக்கெழம எவன் ரத்தம் குடுப்பான்? அன்னிக்கி அங்க ஈ காக்கா இருக்காது. செவ்வாக்கெழம ஊசி குத்திக்கிட்டா திரும்பத் திரும்பக் குத்திக்கணும்னு எங்கம்மா சொல்லும். அதான் எல்லாரும் புதங்கெழம வந்து விழறது."

அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க வீட்ல இந்தக் கணக்கு கெடயாது. எனக்குத் தோணவே இல்ல" என்றார். பாதிக் காபியோடு எழுந்து போய்விட்டார். என் மனைவி அந்தப் பாதிக் காபியைப் பற்றி ஒரு மாதம் பேசினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையே அம்மாள் ஒரு புதன்கிழமையை உண்டாக்கினார். கருவியைச் சரிபார்க்க, அளவு தெரிந்த திரவம் புட்டியில் வரும். உறையும் எண் அதிகமாகக் காட்ட வேண்டிய ஒன்று, குறைவாகக் காட்ட வேண்டிய ஒன்று. இரண்டையும் சின்னக் குழாய்களில் ஊற்றி, ஒன்று மாற்றி ஒன்றாக, கருவிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். ஊசி போடும் பெண் எடுத்துக் கொடுத்தாள். நிர்வாகியைப் பக்கத்திலேயே நிற்க வைத்திருந்தார். நான் வாசற்படி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே எந்த அதிகாரமும் இல்லை. வெளியே போகச் சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை.

சாப்பாட்டு வேளைக்கு முன்னால் வந்தது. குறைவாகக் காட்ட வேண்டிய குழாய்க்கு, முந்தைய குழாயின் அதிக எண்.

"வந்திடுச்சி" என்றார் அம்மாள், பஸ் வந்ததைச் சொல்வதுபோல.

"இவ்ளோ போட்டதுல ஒரு தடவதானே" என்றார் நிர்வாகி.

"சார் சம்சாரத்துக்கும் ஒரு தடவதான்."

பிறகு என்ன நடக்கிறது என்று விளக்கினார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார், அவருக்கு அது வழக்கமில்லை. "டீக்கடை மாதிரி வெச்சிக்குங்க சார். மாஸ்டர் டம்ளர ஊத்தி வெச்சிட்டு மணி அடிப்பாரு. மணி கேட்டதும் பையன் டம்ளர எடுத்துக்கிட்டுப் போவான். இந்த சாஃப்ட்வேர்லயும் ரெண்டு ஆளு. ஒரு ஆளு நம்பர வெப்பான், மணி அடிப்பான். இன்னொரு ஆளு மணி கேட்டு நம்பர எடுத்து ரிப்போர்ட்ல போடுவான். பழைய புராசஸர்ல, வெச்சதுக்கு அப்பறந்தான் மணி கேக்கும். இதுல வேகத்துக்காக வரிசய அப்படியும் இப்படியும் மாத்திப்பான். எப்பயாவது மணி முன்னாடி கேட்டுடும். எடுக்கறவன் அங்க கெடக்கற பழைய டம்ளரத் தூக்கிட்டுப் போயிடுவான். கூட்டம் இல்லன்னா நடுவுல நேரம் இருக்கும், ஒண்ணும் ஆவாது. கூட்டத்துல ஆவும்."

"அப்ப இந்த மாதிரி கம்ப்யூட்டரே வாங்கக் கூடாதா?" என்றேன்.

"கம்ப்யூட்டர் செஞ்சவன் முட்டாள் இல்ல சார். பழைய சாஃப்ட்வேர் வந்தா ஒழுங்கா வரிசையா நடந்துக்கன்னு ஏற்பாடு வெச்சிதான் குடுக்கறான். அப்படி நடந்தா கொஞ்சம் மெதுவா ஓடும். யாரோ அத மாத்தி 'வேகம்'னு வெச்சிருக்காங்க."

நிர்வாகி அப்போதுதான் முதல் தடவையாகக் காபி சொல்லாமல் பேசினார். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் நேரமாகிறது என்று கத்தினார்களாம். புதன்கிழமைகளில் கவுண்டரில் சண்டையாம். பொறியாளருக்குப் போன் போட்டு, அவர் சொல்லச் சொல்ல இவரே மாற்றினாராம். "பப்ளிக்குக்காகத்தான் சார் பண்ணேன்" என்றார் என்னிடம். இந்த நாட்டில் பொதுமக்களுக்காகச் செய்யப்பட்டவற்றை நான் ஓய்வு பெறும்வரை கோப்புகளில் படித்திருக்கிறேன்.

அம்மாள் அந்த அமைப்பை வரிசை தவறாத நிலைக்கு மாற்றினார்; மென்பொருளின் இரண்டு வேலையும் ஒரே இடத்தில், ஒன்றன் பின் ஒன்றாக நடக்கும்படி கட்டினார். மறுபடி சாயங்காலம் வரை குழாய்கள். பிழை வரவில்லை. நிர்வாகி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சரி" என்று ஆரம்பித்தார். அம்மாள் மீண்டும் "வேக"த்துக்கு மாற்றினார்.

"மேடம், என்னா பண்றீங்க?"

"மறுபடி வரணும். வந்தாத்தான் இதான் காரணம்."

வந்தது. நிர்வாகியின் கண்ணில் அன்று நான் பார்த்தது வெறுப்பு. எனக்கு அம்மாளை முதல் தடவையாகப் பிடித்துப்போனது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கடலூர்த் தலைமையகத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கிருந்தோ பழைய இனத்துக் கணினி இரண்டைத் தேடிப்பிடித்துக் கருவியோடு இணைத்தார்கள். புதுக் கணினிகள் ரசீது போடும் மேஜைக்குப் போயின. பிறகு அம்மாளிடம் ஒரு தாளை நீட்டினார்கள். பழுது நீக்கப்பட்டது, நோயாளிகள் யாருக்கும் பாதிப்பு இல்லை, கையெழுத்து.

"பாதிப்பு இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். "அந்த மாசங்கள்ல வந்த எல்லாரையும் கூப்புடுங்க. மறுபடி ரத்தம் எடுங்க. முக்கியமா இந்த மாத்திர சாப்புடறவங்கள. எடுத்துப் பாத்துட்டு நானே கையெழுத்துப் போடறேன்."

ஆய்வகத்தின் பெயர் கெட்டுவிடும் என்றார்கள். ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்றார்கள். அடுத்த தடவை வரும்போது தானாகவே சரியான எண் வந்துவிடப் போகிறது என்றார் பெரியவர் ஒருவர். அடுத்த தடவை வரைக்கும் அந்த மனிதர்கள் எந்த அளவு மாத்திரையை விழுங்குவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மாதா மாதம் வர வேண்டியவர்கள் பஸ் செலவுக்குப் பயந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவது அந்த மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அம்மாள் கையெழுத்துப் போடவில்லை. மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர் கையெழுத்துப் போட்டார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மாவட்ட அளவில் இதை விசாரிக்க வேண்டிய அலுவலகத்துக்கு மனு எழுதினேன். புதுச்சேரி ரத்த முடிவு, பொறியாளரின் செவ்வாய்க்கிழமைச் சான்று, ஆய்வகத்தின் சொந்த விதி எல்லாம் இணைப்பு. கோரிக்கை ஒன்றே ஒன்று: அந்த மாதங்களில் பரிசோதித்துக்கொண்டவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பதிவு அஞ்சல், ஒப்புகை அட்டையோடு. ஒப்புகை அட்டை ஒழுங்காகத் திரும்பி வந்தது. அந்த அலுவலகத்தில் ஒழுங்காக நடந்த ஒரே வேலை அது. கெடு முடிந்ததும் நினைவூட்டுக் கடிதம். பிறகு நேரில். "மேல போயிருக்கு சார்" என்றார்கள். மேலே என்றால் மாடியா என்று கேட்டேன். அவர்களுக்குக் கோபம் வந்தது. எனக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

எங்கள் மருத்துவர் நல்லவர், தம்மிடம் வருபவர்களை அவரே அழைத்துச் சொல்லிவிட்டார். மற்ற மருத்துவர்களிடம் போகிறவர்களை யார் அழைப்பது?

அம்மாள் ஒரு நாள் போன் செய்தார். "அடுத்தடுத்து ஒரே நம்பர் வந்ததுல, மாத்திர சாப்புடறவங்க கொஞ்ச பேருதான் சார். பேரும் ஊரும் எனக்கு ஞாபகம் இருக்குது. நான் போயி சொல்லப் போறேன்."

"ஒங்களுக்கு அதுக்கு அதிகாரம் இல்லம்மா. நோயாளியோட விவரம் ரகசியம். வேலைய விட்டு வந்தவங்க அத வெச்சி வீடு வீடா போனா கேஸ் போடுவாங்க. மனு நடந்துக்கிட்டிருக்கு."

"ஒங்க மனு நடந்து போவட்டும் சார். நான் பஸ்ல போறேன்."

விதிப்படி நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கியபோது நானும் குடையோடு நின்றிருந்தேன்.

முதலில் பிச்சாவரம். படகுக்காரர் துடுப்பைச் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் சொன்னதைக் கேட்டார். "என் நம்பர அந்த அக்காவுக்குக் குடுத்துட்டாங்களா? அப்ப அக்கா நம்பர யாருக்குக் குடுத்தாங்க?" என்றார். அம்மாளுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. யாருக்கும் கொடுக்கவில்லை, அது தொலைந்துபோனது என்று கால் மணி நேரம் விளக்கினார். படகுக்காரர் தலையாட்டிவிட்டு, எங்களைக் காசில்லாமல் ஒரு சுற்றுக் கூட்டிப்போகிறேன் என்றார். "புரிஞ்சுதான்னு திருப்பிச் சொல்லுங்க, அப்பறம் ஏறறேன்" என்றார் அம்மாள்.

இப்படி ஞாயிறுதோறும். சில வீடுகளில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். சில வீடுகளில் எந்த ஆய்வகத்தின் ஏஜெண்டு என்று கேட்டார்கள். புவனகிரிப் பக்கம் ஒரு மூதாட்டிக்கு மாத்திரை ஏகமாகக் கூட்டப்பட்டிருந்தது. அன்றே மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தோம். பிழைத்துக்கொண்டார். ஊரும் பெயரும் மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாருடைய தெருவும் போன் எண்ணும் ஆய்வகத்தின் ரசீது மேஜையில் அந்தப் புதுக் கணினிக்குள் இருந்தன. ஒரு பகல் போதும், ஒரு பெண் உட்கார்ந்து எல்லோரையும் அழைத்திருக்கலாம்.

கடைசியாக ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். அங்கே அதே பெயரில் பலர். ஒரு முறை போய் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டித் திரும்பினோம். இரண்டாவது முறை, பூவராகர் கோயில் தேர்நிலைக்குப் பக்கத்தில் பெட்டிக்கடைக்காரர் ஒருவர், "வால்வு வெச்சவரா?" என்று கேட்டுவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தார். தெருவைக் காட்டினார்.

வாசலில் துணிப்பந்தல் போட்டிருந்தது. உள்ளே நாற்காலி மேல் படம், மாலை, விளக்கு. மொட்டை அடித்த மகன் வெளியே வந்தார். நாங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு பேசினார்.

"நல்லாத்தான் இருந்தாரு. தல வலிக்குதுன்னு படுத்தாரு. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடுச்சின்னாங்க. கடலூர் எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள..." தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். "மாத்திரயெல்லாம் தவறாம சாப்புடுவாரு சார். டாக்டரு கூட்டிக் குடுத்ததுலேர்ந்து வேள தவறினது இல்ல."

நான் அம்மாளைப் பார்த்தேன். எந்த நாள், எந்த மாத்திரை, எப்போது கூட்டினார்கள், தலைவலி எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று இந்த மகனை உட்காரவைத்து ஆரம்பத்திலிருந்து கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுவதும் குடித்தார்.

அந்த மரணத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் எழுதினால் நிரூபிக்கச் சொல்வார்கள். என்னால் முடியாது. ஆய்வகத்தாராலும் சம்பந்தம் இல்லை என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அவர்களை யாரும் கேட்கப் போவதில்லை. அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு போன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நாங்கள் எதற்காக வந்தோம் என்பதை மகனிடம் அம்மாள் அங்கேயே, நின்றபடியே சொன்னார். எதையும் விடவில்லை, எதையும் கூட்டவில்லை. மகன் கடைசி வரை கேட்டார். பிறகு, "இத எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"எங்க வேணா கையெழுத்துப் போடறேன் தம்பி" என்றார் அம்மாள்.

கிளம்பும்போது மகன் பந்தல்வரை வந்தார். "கருமாதி அக்டோபர் பதினாலு. ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

பஸ்ஸில் அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சேத்தியாத்தோப்பில் இறங்கி வேறு பஸ் மாறினோம். சிதம்பரத்தில் நான் இறங்கும்போது, "ஒங்க மனு என்னா ஆச்சு சார்?" என்று கேட்டார். அதுவரை ஒரு தடவையும் அவர் அதைக் கேட்டதில்லை.

என் மனுவுக்குப் பதில் வந்தது. மறுப்பாக வந்திருந்தால் எனக்குச் சண்டை போட ஏதாவது இருந்திருக்கும். நல்ல தமிழில், தட்டச்சுப் பிழை ஒன்றும் இல்லாமல், நான் கேட்டதை அப்படியே ஏற்றுக்கொண்டு எழுதியிருந்தார்கள். மனுதாரர் கூறிய குறைபாடு உண்மை என்று விசாரணையில் தெரியவந்தது. மேற்படி காலத்தில் பரிசோதனை செய்துகொண்ட அனைவருக்கும் காலதாமதமின்றித் தெரிவித்து, மறுபரிசோதனை செய்யுமாறு ஆய்வகத்துக்கு ஆணையிடப்படுகிறது. கீழே கையெழுத்து, முத்திரை. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தபால்காரர் வாசலில் நிறுத்திக் கொடுத்தார். வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக, கையெழுத்துப் போட்டுப் பக்கத்தில் தேதியும் எழுதச் சொன்னார். எழுதினேன். அக்டோபர் பதினான்கு.